உலாவியில் தமிழ் சிதறித் தெரிந்தால்: கிறுக்கலைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது

தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறக்கிறீர்கள். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டங்களோ, கேள்விக்குறிகளோ, புரியாத ஆங்கிலக் குவியலோ நிற்கிறது. பலரும் உடனே உலாவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். அது பெரும்பாலும் வீண்வேலை. கட்டமாகத் தெரிவதற்கு ஒரு காரணம், கேள்விக்குறிக்கு வேறொன்று, ஆங்கிலக் குவியலுக்கு மற்றொன்று. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது. ஆகவே எதையும் அழுத்துவதற்கு முன் கிறுக்கலின் உருவத்தை நன்றாகப் பாருங்கள்.

முதலில் இரண்டு சோதனைகள்

கன்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சேமித்து வைத்த பழைய நகலை விட்டுவிட்டு, பக்கம் புதிதாக இறங்கும். மாறவில்லை என்றால் அதே முகவரியைத் தனிச் சாளரத்தில் திறங்கள். குரோமிலும் எட்ஜிலும் கன்ட்ரோல் + ஷிப்ட் + என், ஃபயர்பாக்ஸில் கன்ட்ரோல் + ஷிப்ட் + பி. அங்கே சரியாகத் தெரிந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஏதோ ஒரு நீட்சிதான் (உலாவியில் கூடுதலாகச் சேர்த்த சிறு மென்பொருள், எக்ஸ்டென்ஷன்), ஏனென்றால் நீங்கள் தனியாக அனுமதி கொடுத்தால் ஒழிய நீட்சிகள் அந்தச் சாளரத்தில் இயங்காது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

இரண்டாவது சோதனை இன்னும் முக்கியம். சிதைந்த வரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே நல்ல தமிழாக வந்தால் உரை நலமாக இருக்கிறது, எழுத்துருதான் பிரச்சினை. பக்கத்தில் தமிழாகத் தெரிந்து, ஒட்டும்போது ஆங்கில எழுத்தாக வந்தால் அது யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துகளுக்குமான இன்றைய பொதுத் தரம்) முந்தைய பழைய எழுத்துருப் பக்கம். இரண்டு இடத்திலும் கட்டமல்லாத ஒரே கிறுக்கல் என்றால் குறியாக்கத்தில்தான், அதாவது எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் முறையில்தான், கோளாறு.

வெறும் கட்டங்கள்

கட்டம் என்றால், வந்த எழுத்து என்னவென்று உலாவிக்குத் தெரிகிறது, வரைந்து காட்டத்தான் எழுத்துரு இல்லை என்று பொருள். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ எழுத்துரு கூடவே வருகிறது. அதனால் இன்றைய கணினிகளில் சாதாரணத் தமிழுக்குக் கட்டம் வருவது அரிது. விண்டோஸ் 2000 காலத்து லதாவும் விண்டோஸ் 7-இல் வந்த விஜயாவும் ஆகிய எழுத்துருக்கள் விண்டோஸ் 10 முதல் தனியாகச் சேர்க்க வேண்டியவை. செட்டிங்ஸ், ஆப்ஸ், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று போய் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்பதைச் சேருங்கள். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் சிஸ்டம் பகுதிக்குள் இருக்கும். உபுண்டுவிலோ டெபியனிலோ லோஹித் தமிழ் அல்லது நோட்டோ எழுத்துருத் தொகுப்பை நிறுவினால் போதும். எழுத்துருவைச் சேர்த்த பிறகு உலாவியை முழுவதுமாக மூடித் திறங்கள். தாவலை மட்டும் புதுப்பித்தால் போதாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. முந்திரி, காணி, மா போன்ற பழைய பின்னக் குறிகள் மட்டும் கட்டமாகத் தெரிந்து மற்ற எழுத்தெல்லாம் சரியாக இருக்கலாம். அந்தக் குறிகள் 2019-இல் யூனிகோடு 12-இல்தான் சேர்க்கப்பட்டன, அதுவும் வழக்கமான தமிழ்த் தொகுதிக்கு வெளியே தனித் தொகுதியாக. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற எழுத்துருவைத் தனியே நிறுவினால் அவை தெரியும்.

கோடிட்ட ஏயும் வட்டத்துக்குள் ஆரும்

இதுதான் அதிகம் பார்க்கிற வகை. தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆங்கில ஆர் அல்லது மேலே ஒரு கிடைக்கோடு, அடுத்து ஏதோ ஒரு குறி என்று மூன்று மூன்றாகத் திரும்பத் திரும்ப வரும். யூனிகோடு உரையைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் வழக்கமான தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் (கணினி சேமிக்கும் சிறு அலகு) ஆகும். முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், இரண்டாவது பைட்டுக்கு இரண்டே வாய்ப்புகள். அவற்றை விண்டோஸ்-1252 என்ற மேலை ஐரோப்பியக் குறியாக்கமாக உலாவி தப்பாகப் படித்தால் இந்த அணிவகுப்பு வரும். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள். ஆகவே அது 15 துண்டுகளாகச் சிதறும்.

ஃபயர்பாக்ஸில் ஆல்ட் விசையைத் தட்டினால் மேலே மெனு வரும். வியூ என்பதற்குள் ‘ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்’ என்று இருக்கும், அதை ஒருமுறை கிளிக் செய்தால் போதும். மேக் சஃபாரியில் வியூ, டெக்ஸ்ட் என்கோடிங் என்று போய் யூனிகோடைத் தேர்ந்தெடுக்கலாம். குரோமில் இந்த வசதி 55-ஆம் பதிப்போடு எடுக்கப்பட்டுவிட்டது. குரோம்தான் பழக்கம் என்றாலும், இந்த ஒரு வேலைக்காக ஃபயர்பாக்ஸையும் கணினியில் வைத்துக்கொள்வது நல்லது.

அழுத்தியும் மாறவில்லை, அல்லது அந்தத் தெரிவே மங்கிக் கிடக்கிறது என்றால் சேதம் பக்கத்துக்குள்ளேயே பதிந்துவிட்டது. யாரோ தப்பாகப் படித்த உரையை அப்படியே யூடிஎஃப்-8-ஆகச் சேமித்திருக்கிறார்கள். இதையும் மீட்கலாம். கிறுக்கலை விண்டோஸ்-1252 பைட்டுகளாகத் திருப்பி, அந்த பைட்டுகளை யூடிஎஃப்-8-ஆகப் படிக்க வேண்டும். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. விண்டோஸ்-1252 அட்டவணையில் 5 இடங்கள் காலி. புள்ளியின் கடைசி பைட்டும் உகரக் குறியின் கடைசி பைட்டும் சரியாக அந்தக் காலி இடங்களில் விழுகின்றன. ஏ, ஐ என்ற உயிரெழுத்துகளுக்கும் அதே கதிதான். அட்டவணையைக் கண்டிப்பாகப் பின்பற்றும் மென்பொருள் இவற்றைத் தூக்கி எறிந்துவிடும், அல்லது பிழை காட்டி நின்றுவிடும். மீட்ட உரையில் புள்ளியும் உகரமும் மட்டும் காணாமல்போவது இதனால்தான். பைத்தான் நிரல்மொழியில் எஃப்டிஎஃப்ஒய் என்ற நூலகம் காலி இடங்களையும் பத்திரமாகக் கடத்திவிடும், அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்விக்குறிகள்

இதில் இரண்டு வகை, குழப்பிக்கொள்ளக் கூடாது. கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், வந்த பைட்டுகள் யூடிஎஃப்-8 விதிக்குப் பொருந்தவில்லை என்று உலாவி சொல்கிறது. பக்கம் முழுக்க வைரமாக இருந்தால் அது வேறு குறியாக்கத்தில் எழுதிய பக்கம். மேலே சொன்ன ஃபயர்பாக்ஸ் வழியை முயலுங்கள். செய்திச் சுருக்கத்தின் கடைசியில் மட்டும் ஒன்றிரண்டு வைரம் நின்றால், தளத்தின் நிரல் எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணி வெட்டியிருக்கிறது. 100 பைட்டில் வெட்டினால் 33 குறிகள் போக 1 பைட் அரைகுறையாகத் தொங்கும். இதைத் தளக்காரர்தான் திருத்த முடியும்.

இரண்டாவது வகை, வரிசையாக வெறும் சாதாரணக் கேள்விக்குறிகள். இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது: அந்த உரை போய்விட்டது. தமிழைத் தாங்காத தரவுத்தளத்தில் சேமிக்கும்போது ஒவ்வொரு எழுத்தின் இடத்திலும் உண்மையாகவே ஒரு கேள்விக்குறி எழுதப்பட்டுவிட்டது. எந்த உலாவி அமைப்பாலும் திரும்பாது. பழைய காப்பு நகலைத் தேடுவது ஒன்றே வழி.

ஆங்கில எழுத்துக் குவியல்: பழைய எழுத்துருப் பக்கங்கள்

யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு தளமும் தனக்கென ஒரு எழுத்துருவை வைத்திருந்தது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துருக்கள் அவை. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ஆங்கிலம் அப்படியே வெளியே தெரியும். எதில் எழுதியது என்பதை ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஜே, கே, பி, ஓ என நான்கு சிறிய எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வந்தால் அது பாமினி. இலங்கை, புலம்பெயர் தளங்களில் மிகப் பரவலாக இருந்தது. முக்கால் என்ற பின்னக் குறி, கோடிட்ட பெரிய ஏ, சென்ட் நாணயக் குறி, கோடிட்ட சிறிய யூ என்று வந்தால் அது திஸ்கி. தமிழகத்தில் 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாப், டாம் என்ற இரண்டும் அரசுத் தரமாயின. 2010-இல்தான் யூனிகோடு அரசுத் தரமானது. ஆகவே அதற்கு முந்தைய கோப்புகளில் டாப், டாம், வானவில் என்ற எழுத்துரு முறை எல்லாமே எதிர்ப்படும்.

இந்தக் குறியாக்கங்கள் எந்த உலாவியின் பட்டியலிலும் இல்லை, தேடிப் பயனில்லை. உரையை நகலெடுத்து என்எச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றியில் ஒட்டி, எதிலிருந்து என்பதைத் தேர்ந்தெடுத்து யூனிகோடாக மாற்றுங்கள். முதலில் ஒரே ஒரு பத்தியை மட்டும் மாற்றி, கொம்பும் புள்ளியும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். திஸ்கிப் பக்கங்களில் இன்னொரு தொல்லை: தொடக்கப் பதிப்புகளில் இ என்ற எழுத்து வைக்கப்பட்ட இடம், உலாவிகள் கண்ணுக்குக் காட்டாத ஒரு இணைப்புக்கோட்டின் இடமாகப் போய்விட்டது. 1.7 பதிப்பில் அதற்கு வேறு இடம் கொடுத்தார்கள். மாற்றிய உரையில் ‘இந்த’ என்பது ‘ந்த’ என்று நின்றால் காரணம் இதுதான், கையால் திருத்த வேண்டும். மதுரைத் திட்டத்தின் நூல்கள் என்றால் மாற்றிக்கொண்டு சிரமப்பட வேண்டாம், யூனிகோடு வடிவமும் அங்கே கிடைக்கும்.

நேற்று வரை நன்றாகத் தெரிந்த பழைய பக்கம் இன்று திடீரெனக் குவியலாகிவிட்டதா? எஃப்12 அழுத்திக் கன்சோல் பகுதியைப் பாருங்கள். தளம் பாதுகாப்பான இணைப்புக்கு மாறி, எழுத்துருவின் முகவரி மட்டும் பழைய, பாதுகாப்பற்ற எச்டிடிபியிலேயே நின்றால் உலாவி அதைத் தடுத்துவிடும், சிவப்பு வரியில் அது எழுதியிருக்கும். குரோமில் முகவரிக்கு இடப்பக்கக் குறியைத் தட்டி, சைட் செட்டிங்ஸில் ‘இன்செக்யூர் கன்டென்ட்’ என்பதை அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதிக்கலாம். படிக்க மட்டும் போகும் தளமானால் செய்யுங்கள். கடவுச்சொல் கொடுக்கும் தளத்தில் கண்டிப்பாக வேண்டாம். விளம்பரத் தடுப்பானில் வெளி எழுத்துருக்களைத் தடுக்கும் தெரிவு போட்டிருந்தாலும், ஃபயர்பாக்ஸில் பக்கங்கள் தம் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் அனுமதியை எடுத்திருந்தாலும் இதே விளைவு வரும். 2000-களின் செய்தித்தளங்கள் சில, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மட்டும் புரியும் இஓடி வகை எழுத்துருவை நம்பியிருந்தன. அந்த உலாவிக்கான ஆதரவு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. அங்கே மாற்றியைத் தவிர வேறு வழியில்லை.

புள்ளி வட்டங்கள்

எழுத்தெல்லாம் தமிழாகவே இருக்கும், இடையிடையே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் கொம்பையோ காலையோ ஏந்தி நிற்கும். தனக்கு முன்னால் மெய்யெழுத்து இல்லாத உயிர்க்குறியை உலாவி இப்படித்தான் காட்டும். பாமினி, திஸ்கி முறைகளில் ‘கெ’ போன்ற எழுத்தில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு முன்னால் வரும், க பின்னால் வரும். யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு. மாற்றி சரியாக வேலை செய்யாவிட்டால் வரிசை திரும்பாமல் வட்டம் முளைக்கும். எழுத்தெழுத்தாகத் தட்டச்சாவது போல அசையும் தலைப்புகளிலும், முதலெழுத்தைப் பெரிதாக்கும் அலங்காரத்திலும் நிரல் ‘கொ’வைப் பிய்த்துவிடுவதால் இது நேரும். பக்கத்தை வடிவமைப்பவர்கள் யூனிகோடு குறியை அலகாகக் கொள்ளாமல், மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்த முழு எழுத்தை அலகாகக் கொண்டு வெட்ட வேண்டும்.

இதன் உறவுக்காரப் பிழை ஒன்று கண்ணில் படாது. கௌ என்பதை கெ, ள என்று தட்டச்சிட்டாலும் பார்க்க ஏறக்குறைய அப்படியே இருக்கும், தேடினால் மட்டும் கிடைக்காது. ஸ்ரீயும் ஸ-வில் தொடங்கி ஒன்று, 2005-இல் சேர்ந்த ஶ-வில் தொடங்கி ஒன்று என இரண்டு வகையில் எழுதப்படுகிறது. சில எழுத்துருக்களில் ஒன்று மட்டும் கூடி நிற்கும், மற்றது பிரிந்து தெரியும்.

எழுத்தின் தலையோ காலோ வெட்டுப்பட்டால், ஆங்கிலத்துக்கென வைத்த வரி உயரம் போதவில்லை. வரி உயரத்தை எழுத்தளவின் 1.6 மடங்காக வைத்தால் கீழே இறங்கும் கூ, மூ போன்றவை தப்பிக்கும்.

தளக்காரருக்கு எழுதும்போது

குறியாக்கம் எது என்பதை உலாவி மூன்று இடங்களில் பார்க்கும்: கோப்பின் தொடக்கத்தில் குறியாக்கத்தைச் சொல்லும் பிஓஎம் குறி, பிறகு சர்வர் அனுப்பும் கன்டென்ட் டைப் வரி, அதன் பிறகே பக்கத்துக்குள் உள்ள மெட்டா சார்செட் வரி. பக்கத்தில் யூடிஎஃப்-8 என்று சரியாகப் போட்டிருந்தும் சர்வர் வேறு சொன்னால் சர்வர் சொன்னதே நிற்கும். மெட்டா வரி முதல் 1024 பைட்டுக்குள்ளும் இருக்க வேண்டும், அதற்கு மேலே நீளமான நிரலைப் போட்டால் கவனிக்கப்படாமல் போகலாம். எஃப்12, நெட்வொர்க், பக்கத்தைப் புதுப்பித்தல், முதல் வரிசை, ஹெடர்ஸ் என்று போனால் சர்வர் அனுப்பிய வரி தெரியும். அந்த வரி, பக்கத்தின் முகவரி, திரையைப் பிடித்த ஒரு படம் (ஸ்கிரீன்ஷாட்), நோட்பேடில் ஒட்டியபோது வந்த ஒரு வரி ஆகிய நான்கையும் அனுப்புங்கள். ‘உங்கள் தளம் தெரியவில்லை’ என்று மட்டும் எழுதினால், அவர் கணினியில் சரியாகத் தெரிவதாகப் பதில் வரும்.