வேலையை யார் நிறுத்த முடியும்? புராஜெக்ட் மேனேஜர் ஆக நினைப்பவர்களுக்கு

புதிதாக வருபவர்கள் முதலில் எக்செல்லைத் திறந்து தேதி போட ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால், இந்த வேலையை யாரெல்லாம் நிறுத்த முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேலையோடு சம்பந்தப்பட்ட எல்லாரையும் குறித்து வைக்கும் பட்டியலான ஸ்டேக்ஹோல்டர் ரெஜிஸ்டர் தொடங்குவது அங்கேதான்.

மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு பழைய ஜவுளிக்கடைக்கு மேல் மாடி ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். முதலாளி, கட்டடத்தில் பங்குள்ள தம்பி, பொதுச்சுவர்க்காரர் (ஒரே சுவரைப் பங்கிடும் பக்கத்துக் கட்டடத்துக்காரர்), மாநகராட்சி நகரமைப்புப் பிரிவு, மின்வாரியம், கான்ட்ராக்டர், சரக்கு இறக்கும் சுமைப்பணியாளர்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே மூன்று கட்டம்: எதை முடிவு செய்கிறார், அவரிடமிருந்து என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிக் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பிளான் ஒப்புதல் கைக்கு வராமல் கம்பிக்கு ஆர்டர் போடக்கூடாது.

அதிகாரம் எவ்வளவு, ஆர்வம் எவ்வளவு என்று நான்கு கட்டத்தில் ஆட்களைப் பிரிக்கும் முறையைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருவார்கள். பயன் உண்டு. ஆனால் பொதுச்சுவர்க்காரரை 'அதிகாரம் குறைவு' என்று அது ஓரங்கட்டிவிடும். சுவரில் விரிசல் கண்டு அவர் ஒரு மனு கொடுத்தால் போதும், வேலை நிற்கும். தொடங்கும் முன்பே அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரைத் தேதியோடு படமெடுத்து, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். பழைய விரிசல் எது, புதியது எது என்ற சண்டை பிறகு வராது.

குடும்பத் தொழிலில் செக்கில் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், முடிவெடுக்கிறவர் வேறொருவர். "பில் பாஸ் பண்றது யாருண்ணே? டைல்ஸ் யாரு பாத்துச் சொல்லணும்?" என்று முதல் நாளே கேட்டுவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"பாத்துக்கலாம்" என்பது ஒப்புதல் இல்லை. பேசி முடித்த அன்று மாலையே என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதி என்று மூன்று வரி வாட்ஸ்அப்பில் போடுங்கள். சின்ன விஷயத்துக்கு இது போதும். கூடுதல் வேலை என்றால் போதாது: எத்தனை நாள் கூடும், எத்தனை ரூபாய் கூடும் என்று எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகே ஆளை இறக்க வேண்டும். பில் நேரத்தில் "நான் எப்பச் சொன்னேன்?" என்ற கேள்வி வருவது இங்கேதான்.

தீபாவளிக்கு முன் கடையைத் திறந்தாக வேண்டும் என்று முதலாளி நெருக்குவார். வெறுமனே முடியாது என்றால் சாக்கு என்றுதான் நினைப்பார். காரணத்தை எண்ணோடு வையுங்கள்: தாங்கும் சுவர்கள் அல்லது உத்திரங்களுக்கு இடையே 4.5 மீட்டருக்கு மேல் நீளும் தளத்துக்கு, சாதாரண சிமென்டுக்கே முட்டு 14 நாள் நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் கான்கிரீட் வைக்கவே வேண்டாம். லாரி உள்ளே வராது, ஆட்களும் கிடைக்க மாட்டார்கள்.

சான்றிதழ் விஷயம் சுருக்கமாக. மதுரையின் இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐடி வளாகமோ கட்டுமான சைட்டோ, கோ-ஆர்டினேட்டராக நுழைவதுதான் சுலபம். அனுபவம் இல்லாதவர், பிஎம்ஐ என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் தொடக்கநிலைத் தேர்வான சிஏபிஎம் எழுதலாம். 23 மணி நேரப் பயிற்சி போதும். அதே அமைப்பின் அடுத்த நிலைச் சான்றிதழான பிஎம்பிக்கு 35 மணி நேரப் பயிற்சியோடு, பி.இ. முடித்தவருக்கு 36 மாதம் புராஜெக்ட்டை நடத்திய அனுபவமும் வேண்டும். சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுத்து மேலதிகாரியின் கையெழுத்தைக் கேட்பார்கள்; ஒவ்வொரு வேலை முடியும்போதும் மாதம், பொறுப்பு, மேலதிகாரி பெயர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஒரே மாதத்தில் இரண்டு புராஜெக்ட் பார்த்திருந்தாலும் கணக்கில் அது ஒரு மாதம்தான்.