நிற்கிற குதிரையை வாங்காதீர்கள்

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் மூன்று பெடியன்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருவன் என் கூட்டாளியின் மகன். கைபேசியை நீட்டி, "அங்கிள், எப்பிடி இருக்கு?" என்றான். பத்து விநாடி வீடியோ. ஒரு வயது தரோபிரெட் குட்டி, அதாவது பந்தய இனக் குதிரைக்குட்டி ஒன்று தலையைத் தூக்கி நிற்கிறது. மயிர் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்குகிறது. குளம்புகளைப் புல் மூடியிருக்கிறது. ஒருமுறை காதை அசைக்கிறது, அவ்வளவுதான். மூவரும் பங்கு போட்டு வாங்கப் போகிறார்களாம், இரண்டு வருடத்தில் நுவரெலியாவில் ஓட்டப் போகிறார்களாம். அங்கே நடக்கும் பெரிய பந்தயமான கவர்னர்ஸ் கப் வரைக்கும் பேச்சு போய்விட்டது.

எனக்கு வயிறு எரிந்தது. குட்டியில் குறை தெரிந்ததால் அல்ல. அந்த வீடியோவில் குறையும் தெரியாது, நிறையும் தெரியாது. பதினைந்து வருடத்துக்கு முன் இதே மாதிரி நின்ற ஒரு குட்டிக்கு முன்னால் நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கடன் வாங்கிப் பந்தயம் கட்டாதே, தோற்ற காசைத் துரத்தாதே என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன். அவர் சொல்லாத சில பிழைகளை மட்டும் எழுதுகிறேன்.

'குட்' என்றால் நல்லது என்று நினைப்பது

கொழும்பில் 1950களோடு பந்தயம் நின்றுபோனது. ரீட் அவனியூ திடலில் குதிரை ஓடியதைக் கண்ணால் பார்த்தது என் அப்பாவின் தலைமுறை. போர்க்காலத்தில் அதே திடல் விமானத் தளமாக இருந்தது, 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு போட வந்தபோது அங்கிருந்துதான் ஹரிகேன் விமானங்கள் எழும்பின என்று அப்பா அடிக்கடி சொல்வார். இன்றைக்குக் கொழும்பில் ரேஸ் பழகுகிறவர்கள் புக்கியில்தான், அதாவது பந்தயம் கட்டும் கடையில்தான் பழகுகிறார்கள். இங்கிலாந்தில் மத்தியானம் ஓடுகிற குதிரை இங்கே மாலை ஆறு, ஆறரைக்குத் திரையில் ஓடும். திரையின் மூலையில் தரையின் நிலையும் ஒரு சொல்லில் வரும். அதை வாசிக்கிறவர்கள் குறைவு, சரியாக விளங்கிக்கொள்கிறவர்கள் அதிலும் குறைவு.

இங்கிலாந்துப் புல்தரையில் 'ஃபேர்ம்' இறுகியது, 'சொஃப்ட்' ஈரம் ஊறியது, 'ஹெவி' என்றால் காலைப் பிடித்து இழுக்கும். 'குட்' நடுவில் இருக்கிறது, பெரும்பாலான குதிரைகளுக்குப் பிடித்த தரை அது. அமெரிக்க மண்தடத்தில் கதையே வேறு. அங்கே உலர்ந்த நல்ல தடத்துக்குப் பெயர் 'ஃபாஸ்ட்'. 'குட்' என்று போட்டால் ஈரம் இன்னும் முழுதாகப் போகவில்லை என்று அர்த்தம். 'ஸ்லொப்பி' என்றால் மேலே தண்ணீர் நிற்கும், அடித்தளம் உறுதியாகத்தான் இருக்கும், ஓட்ட நேரம் அவ்வளவு மோசமாக வராது. ஆஸ்திரேலியாக்காரர்கள் ஒன்றிலிருந்து பத்துவரை எண் போடுகிறார்கள், எண் கூடக்கூட ஈரம் கூடுகிறது. இந்தியாவில் பெனட்ரோமீட்டர் கணக்கு. கம்பி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள்.

ஆகவே இரண்டு நாட்டுக் குதிரைகளின் பழைய ஓட்டங்களை அருகருகே வைத்து, "இரண்டும் குட்டில வென்றது" என்று டிக்கட் எழுதுகிறவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நானும் எழுதியிருக்கிறேன், அதுவும் ஒரு முழு வருடம்.

காலையில் சொன்ன தரையை மாலையிலும் நம்புவது

நுவரெலியாவில் 1875 முதல் குதிரை ஓடுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே. ஏப்ரலில் காலை வெயில் பளிச்சென்று இருக்கும். மத்தியானச் சோறு சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மலைப்பக்கம் கறுத்துவிடும், இடி இடிக்கும். முதல் ஓட்டமும் கடைசி ஓட்டமும் ஒரே தரையில் நடப்பதாக நினைப்பது கொழும்புக்காரர்களின் பழக்கம்.

ஒருமுறை நடு ஓட்டங்களுக்கிடையில் இருபது நிமிடம் அடித்துக் கொட்டியது. அடுத்த ஓட்டத்தில் ஒருவரைத் தவிர ஜாக்கிகள் எல்லோரும் உள்வேலியை விட்டு நடுப்புல்லுக்கு வந்துவிட்டார்கள். வேலியோரப் புல் முந்திய ஓட்டங்களில் ஏற்கெனவே கிழிந்திருந்தது. நான் பணம் கட்டிய குதிரை மட்டும் வேலியோரமாகவே ஓடியது. தூரம் மிச்சம் கிடைத்தது, ஆனால் ஒவ்வோர் அடியிலும் குளம்பு புதைந்தது. கடைசித் திருப்பத்தில் முன்னால் இருந்தது. முடிவில் எங்கே இருந்தது என்று பார்க்க எனக்கு மனமில்லை.

பக்கத்தில் போக முடிந்தால் குடையின் முனையைப் புல்லில் குத்திப் பாருங்கள். குத்தும்போது எவ்வளவு எதிர்க்கிறது, குத்தியபின் சாய்த்தால் எவ்வளவு எதிர்க்கிறது என்று கைக்குத் தெரியும். இங்கிலாந்தில் 'கோயிங் ஸ்டிக்' என்ற கருவி செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். என்ன, அது எண்ணாகச் சொல்லும்.

நிற்கிற குதிரையை வாங்குவது

சரி, என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

இந்தியாவில் ஓர் ஏலம். கொழும்பிலிருந்து நாலு பேர் போனோம். ஒருவர் கணக்காளர், ஒருவருக்குப் புறக்கோட்டையில் இரும்புக் கடை, ஒருவர் பல் வைத்தியர், நாலாவது ஆள் நான். எங்களுக்காகக் குதிரை பார்த்துச் சொல்ல ஒரு மிருக வைத்தியரைக் கூட்டிப் போகலாம் என்று பேச்சு வந்தது. அந்தக் கூலியை மிச்சம் பிடித்தோம். "பல் டொக்டரோட குதிரை வாங்கப் போன ஆக்கள்" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள்.

ஏலப் புத்தகத்தில் அந்தக் குட்டிக்கு ஒரு முழுப் பக்கம். அப்பன் பெயர் பெரியது, தாயின் பக்கத்தில் தடித்த எழுத்தில் வெற்றிகள். லாயத்துக்கு முன் வைக்கோல் பரப்பிய இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கறுவாப் பட்டையின் உட்புற நிறம். அகன்ற நெற்றி, பெரிய கண். நாலு பேரும் முகத்தையே பார்த்தோம். பக்கவாட்டில் நின்று, முழங்காலுக்கு நேரே குனிந்து பார்த்தவர் ஒருவருமில்லை.

குதிரைக்காரப் பையன் தானாகவே கேட்டான்: "நடத்திக் காட்டட்டுமா சார்?"

"வேண்டாம் தம்பி, பார்த்தாச்சு" என்று ஒருவர் சொன்னார். அந்த ஒருவர் நான்தான். காரணத்தைக் கேளுங்கள். வெளியே கொண்டுவந்து நடத்தினால் மற்றக் கோஷ்டிகளின் கண்ணில் பட்டுவிடும், விலை ஏறிவிடும் என்று எனக்கு ஒரு சாணக்கியத்தனம். அந்தப் பையன் மறுபடி கயிற்றைக் கட்டியது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஐந்து இலட்சம் இந்திய ரூபாயைத் தாண்டக்கூடாது என்று பேசிக்கொண்டுதான் உட்கார்ந்தோம். எதிர்வரிசையில் ஒரு தொப்பிக்காரர் விடவில்லை. நம் மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது, ஆகவே ரோஷத்துக்கு அங்கே இடமில்லை. ஏல மண்டபத்தில் நூறு பேர் பார்க்க நீங்கள் கையை இறக்க வேண்டும். ஒன்பது இலட்சத்தில் சுத்தியல் விழுந்தது. கைகுலுக்கிக்கொண்டோம். வீட்டில் அவனுக்குக் 'கறுவா' என்று பெயர்.

குறை என்னவென்று பிறகு டிரெய்னர் காட்டினார். பக்கத்திலிருந்து பார்த்தால் முன்னங்கால் தோளிலிருந்து நூல் பிடித்த மாதிரி இறங்க வேண்டும். இவனுக்கு முழங்கால் சற்றே பின்னுக்குப் போயிருந்தது. ஒரு விரல் அகலம்கூட இருக்காது. நடக்கும்போதும் மேயும்போதும் அதனால் ஒன்றும் இல்லை. பாய்ச்சலில் ஒரு முன்னங்கால் மட்டும் தரையில் இருக்கும் கணம் ஒன்று வரும். அப்போது உடல் எடையைப்போல இரண்டரை மடங்கு பாரம் அந்தக் காலில் இறங்குகிறது. குதிரையோ நானூற்றைம்பது கிலோ. ஏற்கெனவே பின்னுக்கு வளைந்த முழங்கால் இன்னும் பின்னுக்குப் போகும், முன்பக்கத்துச் சின்ன எலும்புகள் ஒன்றோடொன்று நசுங்கும்.

மூன்று வயதில், ஜூலை மழையில் முதல் ஓட்டம். தரை மெத்தென்று இருந்தது. நாலாவதாக வந்தான், முடிவில் பாய்ந்து வந்தான். கொட்டாஞ்சேனையில் புரியாணிக்குச் சொல்லி அனுப்பினோம். நவம்பரில் தரை காய்ந்தது. ஒரு காலைப் பயிற்சி முடிந்து வந்தவனின் இடது முழங்கால் தேங்காய்ப் பாதி அளவுக்கு வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் உளுந்தளவு எலும்புத் துண்டு தனியாகத் தெரிந்தது. சத்திரசிகிச்சை, எட்டு மாத ஓய்வு, மறுபடி பயிற்சி, மறுபடி வீக்கம். இவ்வளவு காலமும் தீவனத்துக்கும் லாயத்துக்கும் மாதம் பிறந்ததும் பில் வரும். பில் மட்டும் ஒருநாளும் நொண்டியதில்லை. கடைசியில் ஒரு சவாரிப் பள்ளிக்குச் சும்மா கொடுத்தோம். நுவரெலியாவை அவன் பார்க்கவே இல்லை.

என் தாத்தா சாவகச்சேரிச் சந்தையில் வண்டில் மாடு வாங்குவார். சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், அதெல்லாம் ஒருபக்கம். மூன்று தரம் நடத்திப் பார்க்காமல் கயிற்றைத் தொடமாட்டார். நான் சின்ன வயதில் கூடப் போய் வெயிலில் நின்று அலுத்திருக்கிறேன். அலுப்பு ஞாபகம் இருந்தது, எதற்காக நின்றோம் என்பது மறந்துவிட்டது.

ஆகவே நடத்தச் சொல்லுங்கள். உங்களை நோக்கி நேராக வரவேண்டும், பிறகு உங்களை விட்டு நேராகப் போகவேண்டும். குளம்பு வெளியே வீசிக்கொண்டு வருகிறதா, ஒன்றையொன்று உரசுகிறதா என்று பாருங்கள். பிறகு பக்கத்திலிருந்து. ஈர மணல் இருந்தால் அதன்மேல் நடத்தி, போனபின் தடத்தைப் பாருங்கள். பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுந்தால் காலடி நல்ல நீளம். குளம்புக்கு மேலுள்ள சாய்வு எலும்பு செங்குத்தாக இருந்தால் இறுகிய தரையின் அதிர்ச்சி நேரே மேலே போகும், அளவுக்கு மீறிச் சாய்ந்திருந்தால் காலின் பின்பக்கத் தசைநார்களுக்குச் சுமை. இரண்டு முன்குளம்புகளும் ஒரே அளவா? முழங்காலைக் கையால் தடவுங்கள், ஒன்று மற்றதைவிடச் சூடாக இருக்கக்கூடாது. எக்ஸ்ரேயையும், தொண்டைக்குள் கருவி விட்டு மூச்சுக்குழல் பார்த்த அறிக்கையையும் கேளுங்கள். மூச்சில் இரைச்சல் உள்ள குதிரை தட்டைத் தரையிலேயே திணறும், ஆறாயிரம் அடி உயரத்தில் கேட்கவே வேண்டாம்.

குறையுள்ள எல்லாக் காலும் உடையும் என்று சொல்லவில்லை. கோணல் காலோடு வென்ற குதிரைகள் நிறைய உண்டு. ஆனால் மெத்தென்ற தரையில் மட்டும் ஓடக்கூடிய காலை வாங்கினால் வருடத்தில் பாதி நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பாதிக்கு விலையில் பாதியைக் குறைத்துக் கேளுங்கள். நாங்கள் நினைத்ததைவிட ஏறக்குறைய இரட்டிப்பாகக் கொடுத்தோம்.

விலையைத் தகுதி என்று எடுத்துக்கொள்வது

தாயைப்போல பிள்ளை, நூலைப்போல சேலை என்று சொல்லிக்கொண்டு தாயின் பெயருக்குப் பணத்தைக் கொட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சியாட்டில் ஸ்லூவை ஒரு வயதில் 17,500 டொலருக்கு வாங்கினார்கள். 1977இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் தோல்வியே இல்லாமல் வென்றது. அதே தாயின் இன்னொரு குட்டி சியாட்டில் டான்சர், 1985இல் ஏலத்துக்கு வந்தது. ஒரு கோடியே 31 இலட்சம் டொலர். ஓடியது ஐந்து, வென்றது இரண்டு. போட்ட பணத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு கோடி டொலரைத் தாண்டி விற்ற ஸ்னாஃபி டான்சர் ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. இனவிருத்திக்காவது விடலாம் என்றால் அதிலும் கோளாறு, மொத்தம் நாலு குட்டிதான்.

மறுபக்கமும் உண்டு. 40 இலட்சம் டொலருக்குப் போன ஃபுசாய்ச்சி பெகாசஸ் 2000ஆம் ஆண்டின் கென்டக்கி டேர்பியை வென்றது. விலை கூடினால் தோற்கும் என்பது சட்டமில்லை. ஏலத்தில் விலையைக் கூட்டுவது குதிரை அல்ல, பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும் இரண்டாவது ஆள். அவ்வளவுதான்.

ஒரு பர்லாங் வேகத்தில் மயங்குவது

த கிரீன் மங்கி. இரண்டு வயதில் ஒரு பர்லாங்கை, அதாவது சுமார் இருநூறு மீற்றரை, 9.8 விநாடியில் ஓடிக் காட்டியது, 2006இல் 1 கோடியே 60 இலட்சம் டொலருக்குப் போனது. மூன்று பந்தயம், ஒரு வெற்றியும் இல்லை.

பிறந்த மாதம் பார்க்காதது

ஜனவரி 1 வந்தால் வட கோளத்துத் தரோபிரெட் எல்லாவற்றுக்கும் ஒரு வயது கூடும். ஜனவரிக் குட்டியும் மே மாதக் குட்டியும் ஏலத்தில் ஒரே வயது. சின்னதாக இருக்கிறது என்று ஒதுக்குமுன் திகதியைப் பாருங்கள்.

கூட்டுக்கு எழுத்து வைக்காதது

எழுதுங்கள். எங்கள் நாலு பேரில் இருவர் இப்போது பேசுவதில்லை.

பந்தயம் கட்டுகிறவரே குதிரையின் சொந்தக்காரராகவும் இருப்பது

வேண்டாம்.

அந்தப் பெடியன்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: குட்டி நடக்கிற வீடியோ. முன்னால் வருவது, பின்னால் போவது, பக்கத்திலிருந்து ஒன்று. மூன்று நாள் கழித்து நண்பனின் மகனிடமிருந்து குரல் செய்தி வந்தது. அங்கே மழையாம், தரை வழுக்குமாம், மழை விட்டதும் நடத்தி எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். முற்பணம் ஏற்கெனவே கட்டியாச்சாம். அதற்குப் பிறகு கைபேசியில் அந்த ஊரின் வானிலையைத் தினமும் பார்க்கிறேன். ஒன்பது நாளாக வெயில்.