சோழவரம் ரேஸ் படங்களைக் காப்பாற்றி, ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

சென்னைக்கு அருகே சோழவரத்தில் அந்தக் காலத்தில் நடந்த கார் ரேஸ் படங்கள் பழைய ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் படத்தின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு இளகி, கண்ணாடியிலோ பிளாஸ்டிக் உறையிலோ ஒட்டிவிடும். இழுத்தால் டிரைவரின் முகம் உறையோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். 35 மி.மீ. நெகட்டிவ் கிடைத்தால் அதுதான் பொக்கிஷம். அதை ஸ்கேன் செய்யும்போது 2400 டிபிஐக்குக் குறையக் கூடாது. காடி (வினிகர்) நெடி அடிக்கும் நெகட்டிவைத் தனியே வையுங்கள், மற்றவற்றையும் கெடுத்துவிடும்.

ஆண்டை மதிப்பிட, கார் மேல் எழுதிய எண்ணை நம்பாதீர்கள். போட்டிக்குப் போட்டி மாறும். காரையே பாருங்கள். மாருதி 800 தெரிந்தால் படம் 1983 டிசம்பருக்கு முந்தையது அல்ல. மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறந்தால், அது நம்மூரிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அடுத்தது தரை. சோழவரம் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம், மேடுபள்ளமில்லாத வெட்டவெளி. படத்தில் இருப்பது சென்னைக்கு அருகே பின்னாளில் வந்த இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் என்றால், ஆண்டு 1990 அல்லது அதற்குப் பிறகு.

விவரங்களைப் பின்புறம் ஓரமாக, மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தழும்பு விழும். பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் பென்சில் பிடிக்காது. அதற்குக் காகித உறை போட்டு, படத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே உறைமேல் எழுதிவிடுங்கள்.