வாரண்ட், ஷார்ட் விற்பனை: பங்கு விலையைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ்ஜிஎக்ஸ் எனப்படும் சிங்கப்பூர் பங்குச் சந்தையில் ‘வாரண்ட்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் கைமாறுகின்றன. நிறுவன வாரண்ட் என்பது குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை. அதைப் பங்கின் நிறுவனமே வெளியிடுகிறது. அதைப் பயன்படுத்தினால் புதிய பங்கு உருவாகும். பங்கின் விலையோடு கட்டிய ஸ்ட்ரக்சர்ட் வாரண்ட்டை வெளியிடுவது மெக்குவாரி போன்ற வங்கி. அது ரொக்கமாகவே தீர்க்கப்படும், புதிதாக ஒரு பங்குகூட வராது. இரண்டையும் ஒன்றாக எண்ணி, வாரண்ட் பட்டியலில் ஏறியதுமே புதிய பங்குகளால் விலை குறையும் என்று பங்கை விற்றுவிடுவது தவறு.

நிறுவன வாரண்ட் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மில்லியன் பங்குகள், ஒன்றின் விலை 1 வெள்ளி. 60 காசு கொடுத்து ஒரு பங்கு வாங்கும் உரிமை தரும் வாரண்ட்டுகள் 50 மில்லியன். எல்லாரும் பயன்படுத்தினால் நிறுவனத்துக்கு 30 மில்லியன் வெள்ளி வரும். பங்குகள் 150 மில்லியனாகும். பழைய மதிப்பு 100, வந்த பணம் 30, ஆக 130 மில்லியன். அதை 150-ஆல் வகுத்தால் பங்கு ஒன்றுக்குச் சுமார் 87 காசு. சந்தை அந்த வாரண்ட்டைக் கணக்கிலேயே எடுக்காமல் 1 வெள்ளி கொடுத்திருந்தால்தான் இந்தச் சரிவு. விதிமுறைகள் முன்பே வெளியானவை என்பதால் பெரும்பாலும் விலையில் அது ஏற்கெனவே கழிந்திருக்கும். பயன்படுத்தும் நாளில் இன்னொரு முறை கழிப்பவர், நல்ல பங்கை மலிவாக விட்டுவிடுகிறார்.

ஸ்ட்ரக்சர்ட் வாரண்ட்டின் தாக்கம் வேறு வழியில் வருகிறது. கால் வாரண்ட்டை, அதாவது பங்கு விலை ஏறினால் மதிப்பு கூடும் வகையை விற்ற வங்கி, தன் பொறுப்பை ஈடுகட்டப் பங்கை வாங்கி வைக்கும். விலை ஏறினால் இன்னும் வாங்கும், இறங்கினால் விற்கும். ஆகவே அது ஓரளவு போக்கைத் தூண்டிவிடும், காலாவதி நெருங்கும்போது கையிருப்பைக் கலைக்கும். அந்த விற்பனையை ‘உள்ளே ஏதோ கெட்ட செய்தி’ என்று படிக்கக்கூடாது.

கையில் இல்லாத பங்கை விற்று, பிறகு வாங்கி ஒப்படைப்பதே ஷார்ட் விற்பனை. அதில் பரவலான குழப்பம் எண்களைப் பற்றியது. எஸ்ஜிஎக்ஸ் தினமும் வெளியிடுவது அன்று ஷார்ட் விற்ற அளவு மட்டும். அதில் பெரும்பங்கை அன்றைக்கே திரும்ப வாங்கியிருக்கலாம். இன்னும் திரும்ப வாங்கி மூடப்படாத நிலை எவ்வளவு என்று அறிய, வாரந்தோறும் வரும் மொத்த நிலை அறிக்கையைப் பாருங்கள்.

சரிவு வந்தாலே ஷார்ட் அடித்தவர்கள் மேல் பழி போடுவதும் சரியல்ல. 2013 அக்டோபரில் புளூமோன்ட், ஏசியாசன்ஸ், லயன்கோல்டு ஆகிய மூன்று நிறுவனங்களின் பங்குகளும் சரிந்தபோது எஸ்ஜிஎக்ஸ் அவற்றில் ஷார்ட் விற்பனையைத் தடைசெய்தது. வாங்குபவர் முன்பணம் கட்டவேண்டும் என்றும் விதித்தது. அதன் பிறகும் விலை விழுந்தது. செயற்கையாக ஏற்றப்பட்ட விலை அது என்று 2022-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்றத்தைக் கேள்வி கேட்காதவர்களுக்குத்தான் அதிக நட்டம்.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது, தெரியாமலே ஷார்ட் ஆவதில். பங்கு ஒரு தரகரின் நாமினி கணக்கில், அதாவது தரகர் பெயரில் உங்களுக்காக வைத்திருக்கும் கணக்கில் கிடக்கும். விற்பதோ உங்கள் பெயரிலேயே பங்கை வைக்கும் மத்திய வைப்பகமான சிடிபி கணக்கோடு இணைந்த இன்னொரு தரகர் வழியாக. சிடிபியில் பங்கு இல்லை, ஆகவே அது ஷார்ட். வாரண்ட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, புதிய பங்கு சிடிபியில் ஏறுமுன் விற்பதும் இதேதான். ஒப்படைப்பு வர்த்தக நாளுக்குப் பின் 2-ஆவது வேலைநாளில் நடக்கவேண்டும். பங்கு இல்லாவிட்டால் சந்தையில் பை-இன் நடக்கும், அதாவது ஒப்படைக்க வேண்டிய பங்கை உங்கள் செலவில் வாங்குவார்கள்: விலை அன்றைய விலையைவிட மேலே தொடங்கும், செலவும் அபராதமும் உங்கள் தலையில். நாள் முடிவதற்குள் வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கையும் ஆபத்து. பிற்பகலில் அந்தப் பங்கின் வர்த்தகம் நிறுத்தப்பட்டால் வாங்க வழியே இல்லை.

கடன் வாங்கி ஷார்ட் அடிப்பவர், இடையில் வரும் டிவிடெண்டைக் (பங்கு ஈவு) கடன் கொடுத்தவருக்குக் கட்டவேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்கட்டும். வாரண்ட் பங்கைப் பொறுத்தவரை, கட்டணம் செலுத்திய ரசீதை நம்பி விற்காதீர்கள். சிடிபி இருப்பில் அந்த எண்ணிக்கை தெரிந்த பிறகே ஆர்டர் போடுங்கள்.