சாக்பீஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்: மதுரை மலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் பார்த்தாயிற்று, இனி என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குக் கூட்டிப்போவது என் வழக்கம். மேற்கே சமணர்மலை, கொங்கர்புளியங்குளம். வடகிழக்கே யானைமலை, மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு. ஈராயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்தும் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சிற்பமும் டவுன் பஸ் போகிற தூரத்தில் இருக்கின்றன. இந்த ஊர்க்காரர்களிலேயே பலர் அங்கே போனதில்லை.

புதிதாக வருகிறவர்கள் செய்கிற தவறுகளைப் பார்க்கும்போது, அத்தனையும் ஒரு காலத்தில் நான் செய்தவை என்று தெரிகிறது. தண்ணீர் பாட்டில், தொப்பி, நல்ல செருப்பு பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

புத்தகப் பெயரைச் சொல்லி வழி கேட்பது

முதல்முறை மாங்குளம் போனபோது, "தமிழ் பிராமிக் கல்வெட்டு எங்கே இருக்கு?" என்று பார்த்தவரிடமெல்லாம் கேட்டேன். தமிழை எழுதிய மிகப் பழைய எழுத்துக்குத்தான் அந்தப் பெயர். யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மணிநேரம் வேறொரு குன்றில் அலைந்தேன். கடைசியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "பஞ்சபாண்டவர் படுக்கையா? அப்படிக் கேக்க வேண்டியதுதானே தம்பி" என்று சொல்லி, கூடவே வந்து பாதையில் விட்டுவிட்டுப் போனார்.

சமண முனிவர்கள் படுத்த கல்படுக்கைகளுக்குத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பஞ்சபாண்டவர் படுக்கை என்றுதான் பெயர். மாங்குளம் குன்றுக்கு ஓவாமலை என்று பெயர். அடிவார ஊர் மீனாட்சிபுரம். சமணர்மலையில், சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரரின் பெரிய சிற்பம் இருக்கும் குகைக்குச் செட்டிப்புடவு, எட்டுச் சிற்பங்கள் வரிசையாக இருக்கும் இடத்துக்குப் பேச்சிப்பள்ளம். புடவு என்றாலே குகைதான். இந்தப் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். பெயருக்குள் வரலாறும் கிடக்கிறது. மாங்குளம் கல்வெட்டில் 'வெள்ளறை நிகமத்தோர்' என்று ஒரு வணிகர் குழு வருகிறது. அந்த வெள்ளறை, பக்கத்தில் இருக்கும் இன்றைய வெள்ளரிப்பட்டிதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஒரே நாளில் நான்கு மலை

வேண்டாம். ஒரு காலைக்கு ஒரு மலை.

எழுத்தின்மேல் சாக்பீஸ் தேய்ப்பது

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். எத்தனை வருடமானாலும் இதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது.

போன மாதம் கொங்கர்புளியங்குளத்தில் நான்கு கல்லூரிப் பிள்ளைகள் எங்களுக்கு முன்பே ஏறியிருந்தார்கள். அங்கே குகையின் நெற்றியில், மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க ஒரு காடி வெட்டியிருப்பார்கள். எழுத்துகள் அதை ஒட்டித்தான் இருக்கின்றன. ஒரு பையன் கல்லில் ஏறி, எக்கி நின்று, வெள்ளைச் சாக்பீஸால் ஒவ்வொரு எழுத்தாக நிரப்பிக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொன்னேன். "எழுத்தே தெரியல சார், போட்டோவுக்காகத்தான்" என்றான். கெட்ட பிள்ளை இல்லை. கண்ணில் அவ்வளவு ஆர்வம்.

பல வருடங்களுக்கு முன்னால் அதே மலையில் அதே வேலையை நான் செய்தேன். பை நிறைய சாக்பீஸ் கொண்டுபோய், எல்லா எழுத்தையும் பளிச்சென்று ஆக்கி, படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, கல்வெட்டு வாசிப்பதில் பழுத்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் ஒரு எழுத்தின்மேல் விரலை வைத்து, "இந்தக் கோடு கல்லுல இருக்கா, உங்க கையில இருந்து வந்ததா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுவாரம் மலையேறிப் போய்ப் பார்த்தேன். அது பாறையின் இயற்கையான வெடிப்பு. அதையும் எழுத்தென்று நினைத்து நிரப்பியிருக்கிறேன்.

ஒரு கோட்டால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். தமிழியில், அதாவது தமிழ் பிராமியில், எழுத்துகள் அவ்வளவு எளிய வடிவங்கள். 'க' ஒரு கூட்டல் குறி. 'ர' வெறும் ஒரு செங்குத்துக் கோடு. 'ந' தலைகீழாக நிறுத்திய ஆங்கில டி எழுத்து மாதிரி. எழுத்தின் தோளில் ஒரு சின்னக் கோடு சேர்ந்தால் உயிர்க்குறி மாறிவிடும். ஆக, கல்லில் நெடுக ஓடும் ஒரு வெடிப்பை வெள்ளையடித்தால் புதிதாக ஒரு 'ர' முளைக்கும். கல்லில் ஒரு சில்லு உடைந்து எழுத்தின் பக்கத்தில் பள்ளம் விழுந்திருந்தால், குறிலைப் பார்த்து நெடில் என்று வாசிப்பார்கள். அந்தப் படம் நாலு பேர் கைமாறியதும், நம் கை போட்ட கோடே கல்வெட்டின் வாசகமாகிவிடுகிறது. அடுத்து வருகிறவர் கண்ணும் வெள்ளையைத்தான் பார்க்கும், கல்லைப் பார்க்காது.

இந்த எழுத்துகளை வாசிக்க எவ்வளவு உழைப்பு போயிருக்கிறது தெரியுமா? மாங்குளம் கல்வெட்டுகளை ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சிவெல் 1882-ல் கண்டார். அதில் இருப்பது தமிழ்தான் என்று கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-ல் எடுத்துக்காட்டினார். நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் தெளிவானது அதற்கும் பிறகு, 1960களில் ஐராவதம் மகாதேவன் வாசித்தபோது. ஒவ்வொரு கோட்டுக்கும் இத்தனை பேர் இத்தனை வருடம் யோசித்திருக்கிறார்கள். நாம் ஐந்து நிமிடத்தில் அதன்மேல் நம் ஊகத்தை எழுதிவிட்டு இறங்கிவிடுகிறோம்.

தண்ணீர் ஊற்றுவது, எண்ணெய் தடவுவது, மஞ்சள்பொடி தேய்ப்பது, கம்பி பிரஷால் பாசியைச் சுரண்டுவது, எல்லாம் இதே ரகம்தான். மழை படாத பொந்தில் போட்ட சாக்பீஸ் தானாகப் போகாது. நான் போட்டது இரண்டு வருடம் கழித்தும் பள்ளத்தில் அப்படியே இருந்ததைப் பார்த்தேன். தொல்லியல் துறைக்காரர்கள் மைப்படி எடுப்பதற்கும், அதாவது எழுத்தின்மேல் ஈரத்தாளை ஒற்றி மையால் படியெடுப்பதற்கும், முறை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, அனுமதி இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010-ல் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள்.

சரி, எழுத்து தெரிய என்னதான் செய்வது? வெளிச்சத்தைச் சாய்க்க வேண்டும். ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி போதும். ஒருவர் வெயிலில் நின்று, வெளிச்சத்தைப் பாறையை உரசுகிற மாதிரி பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். வெயில் எட்டாத இடத்தில் டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பிடியுங்கள், நேராக அடிக்காதீர்கள். பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று. மூன்றிலும் தெரிகிற கோட்டை நம்புங்கள். ஒன்றில் மட்டும் தெரிவதைச் சந்தேகப்படுங்கள்.

அன்றைக்கு அந்தப் பையன் கையில் கண்ணாடியைக் கொடுத்தேன். வெளிச்சம் சாய்ந்ததும் அவன் இன்னும் வெள்ளையடிக்காத பகுதியில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. "சார், இங்க கூட்டல் குறி!" என்று கத்தினான்.

உச்சி வெயிலில் ஏறுவது

காலும் சுடும், சிற்பமும் தட்டையாகத் தெரியும்.

முன்வாசலோடு திரும்பிவிடுவது

திருப்பரங்குன்றம் போகிறவர்கள் முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மலையைச் சுற்றித் தென்பக்கம் வந்தால், பாறையைக் குடைந்து எடுத்த உமையாண்டார் குடைவரை இருக்கிறது. முதலில் சமணர்களுடையதாக இருந்து, 13-ம் நூற்றாண்டில் சிவன் கோயிலாக மாறியது. யானைமலையிலும் இதே கதை. ஒத்தக்கடை பக்கம் நரசிங்கப் பெருமாளைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கொஞ்ச தூரத்தில் முருகனும் தெய்வானையும் இருக்கும் லாடன் கோயில் குடைவரை ஆளில்லாமல் கிடக்கும். நரசிங்கத்திலும் கல்வெட்டை விட்டுவிடாதீர்கள். பாண்டியனின் அமைச்சர் மாறன் காரி 770-ல் இந்தக் கோயிலைக் குடைந்தார், குடமுழுக்குக்கு முன்பே இறந்துபோனார், தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்தார் என்று அதில் இருக்கிறது. அண்ணன் விட்ட வேலையைத் தம்பி முடித்த மண்டபத்தில்தான் நாம் நிற்கிறோம்.

ஊருக்குள் பத்துத்தூண் சந்தும் இப்படித்தான். ஜவுளி எடுக்க வருகிறவர்கள், அண்ணாந்து பார்க்காமல் நாயக்கர் காலத் தூண்களைக் கடந்துபோகிறார்கள்.

ஊர்ச் சாமியைக் கேட்காமல் ஏறுவது

கீழக்குயில்குடியில் சமணர்மலை அடிவாரத்தில் அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும் ஆலமரங்களும் இருக்கின்றன. அதை வண்டி நிறுத்தும் இடமாக மட்டும் பார்க்காதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மரத்தடியில் இருக்கிற பெரியவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஏறுங்கள். இந்த மலைகள் கல்குவாரிக்குப் போகாமல் இன்றைக்கு நிற்கின்றன என்றால், அதில் ஊர்க்காரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

ட்ரோன்

கொண்டுவராதீர்கள். அரிட்டாபட்டி, 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே அந்தப் பாறைகள் வல்லூறுகளுடையவை.