“லைசென்ஸ் வேண்டாம்” என்ற பேச்சை நம்பி இ-ஸ்கூட்டர் இறக்குமதி செய்யாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து இ-ஸ்கூட்டர் வரவழைக்கிற பலரும் சறுக்குவது ஒரே வரியில்தான்: “லைசென்ஸும் வேண்டாம், ரெஜிஸ்ட்ரேஷனும் வேண்டாம்.” விற்பவர் பொய் சொல்கிறார் என்றில்லை. அவருடைய நாட்டில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வண்டி ஓடப்போவது உங்கள் நாட்டுச் சாலையில்.

இந்தியாவில் அந்தச் சலுகை கிடைக்க, வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும், மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் அது மோட்டார் வாகனம்தான். ஐரோப்பிய ஒன்றியத்திலோ 45 கி.மீ. வேகம், 4 கிலோவாட் வரை உள்ள இருசக்கர வண்டி மொபெட் வகையில் சேரும். அதற்கென்று தனி உரிமம் உண்டு. பிரிட்டனில் நின்றபடி ஓட்டும் இ-ஸ்கூட்டரைச் சொந்தமாக வாங்கலாம், ஆனால் பொதுச்சாலையில் ஓட்டக் கூடாது. ஆக, ‘ஸ்கூட்டர்’ என்ற பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்தது வாட் கணக்கு. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் உச்சத் திறன், அதாவது மேட்டில் ஏறும்போது சில நொடிகள் கிடைப்பது. இந்திய விதி பார்ப்பது மோட்டார் அரை மணி நேரம் விடாமல் தரக்கூடிய திறனை. அதனால் விற்பவரிடம் உச்சத் திறன், தொடர் திறன் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். “25-லதான் லாக் பண்ணியிருக்கு, ஆப்ல எடுத்துக்கலாம்” என்று அவர் கண் சிமிட்டினால், சரி, இது மாட்டிவிடும் வண்டி என்று ஒதுங்கிவிடுவது நல்லது.

நிறையப் பேரைக் குழப்புவது ‘சிஇ’ முத்திரை. சார்ஜரிலும் இருக்கும், பொம்மையிலும் இருக்கும். பொருள் ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளர் சொல்லிக்கொள்வதற்கான அடையாளம் அது. சாலையில் ஓட்ட அனுமதி வேண்டுமென்றால் தேவைப்படுவது வகை ஒப்புதல், அதாவது அந்த மாடல் சாலை விதிகளுக்குப் பொருந்துகிறது என்று சோதித்து அரசுத் தரப்பில் தரும் ஒப்புதல். அதை வைத்துத் தயாரிப்பாளர் ஒவ்வொரு வண்டிக்கும் தருவதுதான் ‘சிஓசி’ எனப்படும் இணக்கச் சான்றிதழ். வண்டி வந்து இறங்கியபின் அதை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான், என் பார்வையில், இருப்பதிலேயே பெரிய தவறு. காசு கைமாறிய பிறகு யார் தேடித் தருவார்கள்?

அப்புறம் சேஸிஸ் எண். பெட்டியில் ஒட்டியிருக்கும் பார்கோடு அல்ல, வண்டியின் சட்டகத்தில் (ஃபிரேம்) பொறித்திருக்கும் எண். சர்வதேச முறைப்படி அது 17 இலக்கம். எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்து வரும். ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பிவிடும் என்பதால் ஐ, ஓ, க்யூ ஆகிய எழுத்துகள் அதில் வரவே வராது. அனுப்பிய படத்தில் அவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலோ, 17-க்குக் குறைந்தாலோ, பதிவு அலுவலகத்தில் சிக்கல் காத்திருக்கிறது. சான்றிதழ், இன்வாய்ஸ், சுங்கத் தாள் எல்லாவற்றிலும் அதே எண்தான் இருக்க வேண்டும்.

கெடு வேறு இருக்கிறது. பிரிட்டனில் 7.2 கிலோவாட்டுக்கு மேல் திறனுள்ள, பதிவுக்குரிய மின்வண்டி என்றால், அது வந்து சேர்ந்த 14 நாட்களுக்குள் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

கார் லைசென்ஸ் இருக்கிறதே என்ற தைரியமும் எல்லா இடத்திலும் செல்லாது. இந்தியாவில் கார் மட்டும் ஓட்ட உரிமம் பெற்றவர், பதிவு எண் உள்ள இ-ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. அதற்கு இருசக்கர வகையையும் உரிமத்தில் சேர்த்திருக்க வேண்டும்.