பாராட்டு விழாவுக்கு முன் ஒரு கேள்வி

பல்கலைக்கழகக் காப்புரிமைப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்கள், ஆய்வாளர்களை ஊக்கப்படுத்தும் ஆர்வத்தில் நான் அன்று செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். படிவத்தில் கையெழுத்து விடுபடுவதைப் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அது அடுத்த முறை தானாகவே சரியாகிவிடும்.

விண்ணப்பிக்கும் முன் மேடையேற்றுவது

இது இன்றும் என்னை உறுத்துகிறது. தண்ணீரில் கலந்த உலோகத்தைக் கண்டறியும் சென்சார் ஒன்றை ஓர் ஆய்வாளர் செய்திருந்தார். கண்காட்சியில் போஸ்டர் வைக்கச் சொன்னது நான்தான். செய்முறை முழுவதும் அதில் இருந்தது. படம் இணையதளத்திலும் ஏறியது. மூன்று மாதம் கழித்துக் காப்புரிமை வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி: "இதை வெளியே எங்காவது காட்டினீர்களா?"

விண்ணப்பத் தேதிக்கு முன் பொதுவெளிக்கு வந்தது எதுவும் ஐரோப்பாவில் புதுமையாகாது; காப்புரிமையும் கிடைக்காது. கண்டுபிடித்தவரே காட்டியிருந்தாலும் அப்படித்தான். விலக்குகள் மிகக் குறைவு. அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு என்பதால் அங்கே மட்டும் விண்ணப்பித்தோம். அந்த ஆய்வாளர் என்னைக் குறை சொல்லவில்லை. அடுத்த கண்டுபிடிப்பை எங்களிடம் கொண்டுவரவும் இல்லை.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானிகள் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் மரபணுக்களை வெட்டி ஒட்டும் முறையை 1973 நவம்பரில் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஓராண்டுக் கெடு முடியச் சில நாட்களே இருந்தபோதுதான் கோஹன் பணியாற்றிய ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அமெரிக்காவில் விண்ணப்பித்தது. வெளிநாட்டு உரிமைகள் அதற்குள் போய்விட்டன. மிஞ்சிய அமெரிக்க உரிமையே 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது என்றால், இழந்ததை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே கருத்தரங்கச் சுருக்கம், வாய்மொழித் தேர்வு, பத்திரிகைச் செய்தி என எதற்குத் தேதி குறித்தாலும், "விண்ணப்பித்தாயிற்றா?" என்று முதலில் கேளுங்கள். தற்காலிக விண்ணப்ப வசதி, அதாவது முழு விண்ணப்பத்துக்கு முன் முதற்கட்டமாக ஒன்றைத் தரும் வசதி, உள்ள நாடுகளில் விண்ணப்பத் தேதியைச் சீக்கிரமே பிடித்துவிடலாம். ஆனால் செய்முறையை முழுமையாக எழுதுங்கள். அதில் எழுதாமல் விட்டதற்கு அந்தத் தேதி கிடைக்காது.

மரியாதைக்காகப் பெயர் சேர்ப்பது

கட்டுரையாசிரியர் வேறு, கண்டுபிடிப்பாளர் வேறு. கருத்தில் பங்கில்லாத துறைத்தலைவரைச் சேர்த்து, யோசனை தந்த ஆய்வு மாணவியை விட்டுவிட்டால் காப்புரிமையே செல்லாமல் போகலாம். அந்த மாணவிக்கு அது எத்தனை பெரிய வலி!

விண்ணப்ப எண்ணிக்கைக்குப் பரிசு

வேண்டாம். குப்பை சேரும்.

கேடயத்தோடு நிறுத்திக்கொள்வது

விழா ஒரு மணி நேரம்தான். அப்புறம் அந்த ஆய்வாளர் பதவி உயர்வுப் படிவத்தைத் திறந்தால், காப்புரிமை என்று ஒரு கட்டம்கூட இருக்காது. அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லிப் போராடுங்கள்.